பெருகும் மக்களும் அமிழும் நிலமும்

(நம் சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற குடும்பதினக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)





'வளரும் ஆசிய நாடுகளில் மக்கள்தொகை நெருக்கமும் சுற்றுச்சூழல் சீர்கேடும்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. நான் பேராசிரியர் அல்லன். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் டிப்ளோமா முடித்துவிட்டு, குடும்பத்தின் துணி வியாபாரத்திற்கு வந்தவன். ஆசியா முழுவதையும் அரை மணி நேரத்தில் அளந்துவிட என்னால் ஆகாது. ஆகவே ஒரே ஒரு நகரத்தை எடுத்துக்கொள்கிறேன். சரக்கு எடுப்பதற்காக நான் அடிக்கடி போய்வரும் ஊர் அது. சாங்கியில் விமானம் ஏறினால் இரண்டு மணி நேரத்திற்குள் இறங்கிவிடலாம். ஜகார்த்தா!

நம்மவர்களுக்கு அது அந்நிய ஊர் அன்று. அங்கே பெகோஜான் என்றொரு பகுதி இருக்கிறது. இந்தியாவிலிருந்து சென்ற முஸ்லிம் வணிகர்களைக் 'கோஜா' என்று அழைத்ததால் வந்த பெயர். 17ஆம் நூற்றாண்டிலேயே நம் போன்ற வணிகர்கள் அங்கே குடியிருந்து பள்ளிவாசல் கட்டித் தொழுதிருக்கிறார்கள். இன்றும் தானா அபாங் துணிச் சந்தைக்குள் நுழைந்தால் சிங்கப்பூர், மலேசிய வியாபாரிகளைப் பார்க்காமல் வெளியே வர முடியாது.

அந்த ஜகார்த்தா இப்போது மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை, நிலமே தாழ்கிறது.

முதலில் மக்கள்தொகைக் கணக்கைப் பார்ப்போம். 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஜகார்த்தாவின் மக்கள்தொகை சுமார் 29 லட்சம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஒரு கோடியே ஐந்து லட்சத்திற்கும் மேல். நிலப்பரப்போ சுமார் 660 சதுர கிலோமீட்டர். நம் சிங்கப்பூரைவிடச் சிறிய இடத்தில் நம்மைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு மக்கள். சுற்றியுள்ள போகோர், டெபோக், தாங்கெராங், பெகாசி ஆகிய ஊர்களையும் சேர்த்தால் மூன்று கோடியைத் தாண்டும். இந்தோனேசியாவின் நிலத்தில் ஜாவாத் தீவின் பங்கு நூற்றுக்கு ஏழுதான். அந்த ஏழு பங்கு நிலத்தில் நாட்டு மக்களில் நூற்றுக்கு ஐம்பத்தாறு பேர் வாழ்கிறார்கள். வேலை, கல்லூரி, அலுவலகம், துறைமுகம் எல்லாம் அங்கே என்றால் மக்களும் அங்கேதான் வருவார்கள்.

வராமல் தடுத்தும் பார்த்தார்கள். 1970இல் ஆளுநர் அலி சாதிக்கின், ஜகார்த்தாவை வெளியூராருக்கு 'மூடிய நகரம்' என்றே அறிவித்தார். அடையாள அட்டை கேட்டார்கள், திருப்பி அனுப்பினார்கள். கூட்டம் நிற்கவில்லை. நோன்புப் பெருநாளுக்கு ஊருக்குப் போகிறவர் திரும்பி வரும்போது தம்பியையோ மச்சானையோ கூட அழைத்து வருகிறார். நம் பாட்டனார்கள் கப்பலேறியதும் அப்படித்தானே? முதலில் ஒருவர் வந்தார், பிறகு அவர் கைபிடித்து ஊரே வந்தது. பிழைப்புத் தேடி வருகிறவரைக் குற்றம் சொல்லும் தகுதி நமக்கு இல்லை.

வந்தவருக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

டச்சுக்காரர்கள் காலத்தில் குழாய்நீர் பெரும்பாலும் ஐரோப்பியர் வீடுகளுக்கே போனது. விடுதலைக்குப் பிறகு குழாய்கள் நீண்டன. ஆனால் மக்கள் பெருகிய வேகத்திற்கு அவை ஈடுகொடுக்கவில்லை. அண்மைக்காலம் வரை நகரவாசிகளில் நூற்றுக்கு அறுபது, அறுபத்தைந்து பேருக்குத்தான் குழாய்நீர் எட்டியது. மற்றவர்கள் என்ன செய்வார்கள்? வீட்டுக்கு வீடு கிணறு, பம்பு. பெரிய ஓட்டல்கள், பேரங்காடிகள், தொழிற்சாலைகள் நூறு மீட்டருக்கும் கீழே ஆழ்துளை போட்டு உறிஞ்சின. அனுமதி பெற்றவை சில, பெறாதவை பல.

நிலத்தடி நீரை எடுத்தால் நிலம் ஏன் தாழ வேண்டும் என்று மாணவர்கள் கேட்கலாம். நான் படித்த மண்ணியல் பாடத்தை எங்கள் கடைச் சரக்கைக் கொண்டே சொல்கிறேன். துணிப் பேல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தால், சில மாதங்களில் அடியிலிருக்கும் பேல் அமுங்கித் தட்டையாகிவிடுகிறது. உள்ளிருந்த காற்று வெளியேறிவிட்டது. ஜகார்த்தாவுக்குக் கீழே இருப்பது ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த இளம் வண்டல். மணல் அடுக்கு, களிமண் அடுக்கு, மறுபடியும் மணல் அடுக்கு. மணலில் உள்ள நீரை நாம் உறிஞ்சினால், களிமண்ணில் இருந்த நீர் மெல்ல மெல்ல மணலுக்குள் இறங்குகிறது. களிமண் அமுங்குகிறது. மேலே கட்டடங்களின் பாரமும் சேர்ந்து அழுத்துகிறது. அமுங்கிய களிமண் மறுபடி உப்புவது அரிது. பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் போன உயரம் திரும்பி வராது.

எவ்வளவு தாழ்ந்திருக்கிறது? இடத்துக்கு இடம் மாறுபடும். ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறங்கும் பகுதிகள் உண்டு; பத்து, பதினைந்து சென்டிமீட்டர் இறங்கிய பகுதிகளும் உண்டு. வடக்குக் கரையோரம் சில இடங்கள் சில பத்தாண்டுகளில் நான்கு மீட்டர் வரை தாழ்ந்துவிட்டன. நான்கு மீட்டர் என்றால் ஒரு மாடி உயரத்திற்கும் மேல். நகரத்தின் ஏறத்தாழ 40 சதவீதப் பகுதி இன்று கடல்மட்டத்திற்குக் கீழே இருக்கிறது. உலகெங்கும் கடல்மட்டம் ஆண்டுக்கு மூன்று, நான்கு மில்லிமீட்டர் அளவில் உயர்கிறது; அதுவும் கவலைக்குரியதுதான். ஆனால் வட ஜகார்த்தாவில் கடல் ஏறுவதைவிடப் பல மடங்கு வேகத்தில் நிலம் இறங்குகிறது.

நிலம் தாழ்ந்தால் வெள்ளம் வடியாது. 13 ஆறுகள் அந்த நகரத்தின் வழியாகக் கடலுக்குப் போகின்றன. கடல் மேலே, ஊர் கீழே என்று ஆனபின் ஆற்றுநீரை எந்திரம் வைத்துத்தான் கடலுக்குள் இறைக்க வேண்டும். 2007 பிப்ரவரி வெள்ளத்தில் நகரத்தின் பாதிக்கும் மேற்பட்ட பகுதி மூழ்கியது. லட்சக்கணக்கானோர் வீடிழந்து நின்றார்கள். 2013 ஜனவரியில் வெள்ளத்தை இறைக்க வேண்டிய புளுயிட் நீரேற்று நிலையத்திற்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. 2020 புத்தாண்டு நாளில் ஹாலிம் பகுதியில் ஒரே நாளில் 377 மில்லிமீட்டர் மழை. அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

முவாரா பாரு என்னும் கரையோரப் பகுதியில் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. ஒரு காலத்தில் மக்கள் நடந்துபோய்த் தொழுத இடம். இன்று கடல்தடுப்புச் சுவருக்கு அப்பால், உப்புநீருக்குள் கைவிடப்பட்டு நிற்கிறது. தரை தண்ணீருக்குள், ஜமாஅத் சுவருக்கு இந்தப் பக்கம். இந்தத் தலைப்பைப் பற்றி எவ்வளவு படித்தாலும் அந்தக் கட்டடம் சொல்வதைவிட அதிகமாக எதுவும் சொல்லிவிட முடியாது.

இந்த இடத்தில் ஒரு பேச்சு எழும். நம் கடைகளில், காப்பிக்கடைகளில், சில நேரம் நம் பிள்ளைகள் படிக்கும் வகுப்பறைகளிலும் கேட்கும் பேச்சு: "முஸ்லிம் நாடு, வதவதவென்று பிள்ளை பெற்றுக்கொள்கிறார்கள், அப்புறம் நாடு எப்படித் தாங்கும்?" இதற்குக் கோபப்படாமல் கணக்கோடு பதில் சொல்ல வேண்டும்.

1970ஆம் ஆண்டு இந்தோனேசியா தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டு அமைப்பை நிறுவியது. அப்போது ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்தரைப் பிள்ளைகள். 'இரண்டு பிள்ளைகள் போதும்' என்ற முழக்கம் கிராமம் கிராமமாகப் போனது. நஹ்தலத்துல் உலமா, முஹம்மதியா போன்ற பெரிய மார்க்க அமைப்புகளின் ஒத்துழைப்பையும் அரசு நாடிப் பெற்றது. அந்த ஆட்சியில் சில இடங்களில் பெண்கள்மீது கட்டாயம் இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் பெண்கல்வியும் தாய்சேய் நலமும் கூடக்கூட மக்கள் தாமாகவே சிறு குடும்பத்திற்கு மாறினார்கள். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அந்தச் சராசரி இரண்டுக்குச் சற்றே மேல். ஐம்பது ஆண்டுகளில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. உலகிலேயே மிக அதிக முஸ்லிம்கள் வாழும் நாடு செய்துகாட்டிய காரியம் இது.

பிறப்பு குறைந்தது. நிலம் இறங்குவது நின்றதா? நிற்கவில்லை. ஏனென்றால் தொட்டில்களின் எண்ணிக்கை குறைந்த வேகத்தில் குழாய்களின் எண்ணிக்கை கூடவில்லை. ஒரு குடும்பத்தில் இரண்டே பிள்ளைகள் இருந்தாலும், வீட்டில் குழாய் இல்லை என்றால் அந்த இரண்டு பிள்ளைகளும் கிணற்று நீரைத்தான் குடிப்பார்கள். மக்கள்தொகை முக்கியமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 29 லட்சம் பேருக்குக் குழாய் போடுவதும் ஒரு கோடிப் பேருக்குப் போடுவதும் ஒன்றல்ல. ஆனால் மக்கள்தொகையைக் காரணம் காட்டிக் கையைக் கட்டிக்கொள்பவர், குழாய் போட வேண்டியவரைத் தப்பவிட்டுவிடுகிறார்.

யார் அதிகம் எடுக்கிறார்கள், யார் அதிகம் இழக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஆழத்திலிருந்து உறிஞ்சும் வசதி பெரிய கட்டடங்களுக்குத்தான் உண்டு. கரையோரக் குடிசைவாசியின் கிணற்றில் உப்பு ஏறிவிட்டது. கடலோர ஊர்களிலிருந்து வந்த நம் பெரியவர்களுக்கு உப்புக் கிணற்றைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. நகரத்தில் கழிவுநீர்க் குழாய் இணைப்பு உள்ள வீடுகள் மிகக் குறைவு. வீட்டுக்கு வீடு கழிவுத்தொட்டி. உப்பு ஏறாத கிணற்றில் அந்த அசுத்தம் இறங்குகிறது. ஆகவே குடிசைவாசி தள்ளுவண்டிக்காரரிடம் கேன் கேனாக வாங்குகிறார். குழாய்நீருக்கு வசதியுள்ளவர் கொடுக்கும் விலையைவிடப் பல மடங்கு அதிகமாக இந்த ஏழை கொடுக்கிறார். வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவதும் அவர் வீடுதான்.

சரி, ஆற்றுநீர் இருக்கிறதே, அதைச் சுத்தம் செய்து கொடுக்கலாமே என்று கேட்கலாம். இந்தக் கேள்வி என்னைப் போன்ற துணி வியாபாரிகளின் வாசலுக்கே வந்து நிற்கிறது.

ஜகார்த்தாவின் குழாய்நீரில் பெரும்பகுதி சித்தாரும் ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆற்றில் 1967இல் கட்டி முடிக்கப்பட்ட ஜாத்திலுஹூர் அணையிலிருந்து கால்வாய் வழியாக நகரத்திற்கு நீர் போகிறது. அணைக்கு மேலே, பாண்டுங் பகுதியிலும் மாஜாலாயாவிலும் நூற்றுக்கணக்கான நெசவு, சாய ஆலைகள். பல ஆண்டுகளாகச் சாயக் கழிவு அந்த ஆற்றில்தான் கலந்தது. உலகின் மிக அசுத்தமான ஆறுகளில் ஒன்று என்று பெயர் வாங்கிய ஆறு அது. அந்த ஆலைகளே நிலத்தடி நீரையும் எடுப்பதால் பாண்டுங் சமவெளியிலும் நிலம் தாழ்கிறது. 2018இல் அதிபர் ஜோக்கோ விடோடோ அந்த ஆற்றைத் தூய்மைப்படுத்த ஏழாண்டுத் திட்டம் அறிவித்து, ராணுவத்தையே கரையில் இறக்கினார். ரகசியக் கழிவுக் குழாய்களைத் தேடித் தேடி அடைத்தார்கள். ஆலைகளின் எண்ணிக்கையையும் கரையில் வாழும் மக்களையும் பார்க்கும்போது அது ஓரிரு ஆண்டுகளில் தீரும் வேலை அன்று.

ஒரு கெஜத்திற்குச் சில காசு குறைத்துக் கேட்பது வியாபாரத்தில் இயல்பு. அந்தச் சில காசு எங்கே குறைகிறது என்று வாங்குகிறவர் கேட்பதில்லை. பல நேரம் அது கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொட்டியில்தான் குறைகிறது. எந்திரத்தை ஓட்டினால் மின்செலவு, ஓட்டாவிட்டால் மிச்சம். பெருநாளுக்கு நாம் உடுத்தும் புத்தாடையின் சாயம் எந்த ஊர்ப் பிள்ளையின் குடிநீரில் கலந்தது என்பது மார்க்கம் பேசும் வியாபாரிக்குச் சம்பந்தமில்லாத கேள்வியாக இருக்க முடியாது.

இவ்வளவும் கேட்டபின், இதற்கு வழியே இல்லையா என்ற சோர்வு வரலாம். வழி உண்டு என்பதற்கு ஆசியாவிலேயே சான்று இருக்கிறது. தோக்கியோ நகரமும் இப்படித்தான் தாழ்ந்தது. அதன் கிழக்குப் பகுதியில் நான்கு மீட்டருக்கும் மேல் இறங்கிய இடங்கள் உண்டு. ஜப்பான் 1956இல் ஆலைகள் நிலத்தடி நீர் எடுப்பதற்கும், 1962இல் பெரிய கட்டடங்கள் எடுப்பதற்கும் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியது. அதோடு ஆற்றுநீரைக் குழாய் வழியே கொடுத்தது. 1970களில் நிலம் இறங்குவது பெருமளவு நின்றது. தோக்கியோ பெருநகர வட்டாரத்தின் மக்கள்தொகை அப்போது குறைந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். பாங்காக்கிலும் 1977இல் நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. பின்னர் எடுக்கும் நீருக்குக் கட்டணத்தையும் உயர்த்தினார்கள். இறக்கம் வெகுவாகக் குறைந்தது.

நம் சிங்கப்பூரிலும் 1963இல் தண்ணீர்ப் பங்கீடு இருந்தது. வாளியோடு வரிசையில் நின்ற பெரியவர்கள் இந்த அரங்கிலும் இருப்பார்கள். இன்று நம் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு மழைநீரைச் சேர்த்து நீர்த்தேக்கங்களுக்கு அனுப்புகிறது. ஜொகூர் நீர், 2003 முதல் புதுநீர், 2005 முதல் கடல்நீர்ச் சுத்திகரிப்பு எனப் பல வழிகள். நாம் அவர்களைவிட அறிவாளிகள் என்று இதற்குப் பொருள் அன்று. நம்முடையது சிறிய தீவு, ஒரே அரசு. கிராமத்திலிருந்து வரும் கூட்டம் நமக்கு இல்லை. ஆனாலும், குழாயை முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தால் மற்றவை பின்னால் வரும் என்பதை நாமும் கண்டிருக்கிறோம்.

இந்தோனேசியாவும் சும்மா இருக்கவில்லை. கடற்சுவரை உயர்த்துகிறார்கள். 2023 ஆகஸ்டு முதல் ஜகார்த்தாவின் குறிப்பிட்ட பகுதிகளில் பெரிய கட்டடங்கள் நிலத்தடி நீர் எடுப்பதற்குத் தடை வந்திருக்கிறது. தலைநகரைக் கிழக்குக் கலிமந்தானில் நுசந்தாரா என்ற புதிய ஊருக்கு மாற்றுவதாக 2019இல் அறிவித்து, 2022இல் சட்டமும் இயற்றினார்கள். அலுவலகங்கள் போகலாம், அதிகாரிகள் போகலாம். முவாரா பாருவின் மீனவர் கலிமந்தானுக்குப் போகப் போவதில்லை. அவருக்கு வேண்டியது புதிய தலைநகரம் அன்று. வாசலில் ஒரு குழாய்.

நிறைவாக, நம் சங்கம் செய்யக்கூடிய மூன்று காரியங்களைப் பணிவோடு முன்வைக்கிறேன்.

முதலாவது, நம் தர்மம். ஒவ்வொரு நோன்பிலும் வெளிநாடுகளில் கிணறு வெட்ட, குழாய்க்கிணறு போட நாம் நிதி திரட்டுகிறோம். நீர் கொடுப்பது நிலைத்திருக்கும் தர்மம், அதில் ஐயமில்லை. ஆனால் பங்ளாதேஷில் நடந்ததை நினைவில் வையுங்கள். அசுத்தமான குளத்துநீரால் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் இறந்ததால், 1970கள் முதல் நல்ல எண்ணத்தோடு லட்சக்கணக்கான குழாய்க்கிணறுகள் போட்டார்கள். நிலத்தடி நீரில் இயற்கையாகவே ஆர்செனிக் நஞ்சு இருப்பது 1993இல்தான் தெரியவந்தது. அதற்குள் சில கோடிப் பேர் அதைக் குடித்துவிட்டார்கள். எனவே நாம் பணம் கொடுக்குமுன் மூன்று கேள்வி கேட்போம்: அந்த ஊர்த் தண்ணீரைச் சோதித்தார்களா? நிலத்தடி நீர் எடுத்தால் அந்த ஊர் தாங்குமா? பம்பு பழுதானால் சரிசெய்ய ஆள் யார்? கிணறு பொருந்தாத ஊரில் மழைநீர்த் தொட்டி கட்டிக் கொடுக்கலாம். ஏழைக் குடும்பத்தின் குழாய் இணைப்புக் கட்டணத்தைச் செலுத்தலாம். கல்வெட்டில் நம் பெயர் வராது, நன்மை குறையாது.

இரண்டாவது, நம் வியாபாரம். நம் உறுப்பினர்களில் துணிக்கடை வைத்திருப்போர் பலர். தனித்தனியே கேட்டால் ஆலைக்காரர் சிரிப்பார். பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து, "சாயக் கழிவை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள், காட்டுங்கள்" என்று கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். சங்கத்தின் வணிகப் பிரிவு இதை முன்னெடுக்கலாம்.

மூன்றாவது, நம் வீடு. இங்கே ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 140 லிட்டர் தண்ணீர் செலவிடுகிறோம். ஆற்றங்கரையில் உளூ செய்தாலும் சிக்கனம் வேண்டும் என்று மதரஸாவில் படித்த பிள்ளைகள் நாம். வீட்டுக் குழாய்க்கு முன்னால் நிற்கும்போது அது மறந்துபோகிறது. குறிப்பாகப் பள்ளிவாசல்களிலும் நம் விழாக்களிலும் தண்ணீர் போத்தல்கள் பாதி குடித்துக் கிடப்பதைப் பார்க்கிறோம். இந்தப் பொன்விழா ஆண்டிலிருந்தாவது நம் நிகழ்ச்சிகளில் அதை நிறுத்துவோம்.

நம் முன்னோர் இந்தச் சங்கத்தைத் தொடங்கியபோது, ஊரிலிருந்து வருகிறவருக்குத் தங்க இடம், சாப்பாடு, மையத்துக் காரியம் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். 'ஏன் இத்தனை பேர் வருகிறீர்கள்' என்று அவர்கள் கேட்கவில்லை. வந்தவருக்கு என்ன தேவை என்று கேட்டார்கள். ஆசியாவின் பெருநகரங்களைப் பார்த்து நாம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

 அல்லாஹ் நம் சங்கத்தின் பணிகளை ஏற்றுக்கொள்வானாக.